கண்டக்டர் வீட்டுக் கவாத்து

இது இல்லைங்க அம்மணி. ரோஜா வீடு அடுத்த கேட்டு. நீங்க ஒண்ணும் சங்கடப்பட வேண்டாம், வர்றவங்க எல்லாரும் முதல்ல இங்கதான் வந்து நிப்பாங்க. ஆட்டோக்காரன் இறக்கிவிட்டுட்டு, "அதான் ரோஜா வீடு"ன்னு கையை ஒரு வீசு வீசிட்டுப் போயிருவான். எந்தப் பக்கம் வீசினான்னு அவனுக்கே தெரியாது.

ஆனா இப்பப் போய்ப் பிரயோஜனம் இல்லை. வெயில் நல்லா ஏறினாத்தான் மாசிலாமணி சார் வெளிய வருவார். அதுவரைக்கும் மப்ளரைச் சுத்திக்கிட்டு உள்ளதான் இருப்பார். குன்னூர்க் குளிர் அவருக்கு ஆகாதாம். மலை ரயில்ல ஒரு சின்ன ஸ்டேஷன்ல மாஸ்டரா இருந்தே தலை நரைச்சவருக்குக் குளிர் ஆகாதுன்னா நம்பற மாதிரியா இருக்கு? சரி, நமக்கென்ன. இந்த நாற்காலியில உக்காருங்க, காப்பி கொண்டாறேன். எங்க வீட்டுக்காரி இல்லை. நானே போடற காப்பிதான், குடிக்கலாம்.

இந்தாங்க. சக்கரை பத்துதா பாருங்க.

என் பேரு கதிரேசன். கண்டக்டர் கதிரேசன்னா இந்தப் பக்கம் தெரியும். பஸ் கண்டக்டர் இல்லைங்க, எல்லாரும் உடனே அப்படித்தான் நினைச்சுக்கறாங்க. எஸ்டேட் கண்டக்டர். தேயிலைக் காட்டுல ஆளுங்களை நிறுத்தி வேலை வாங்கறவன். கொழுந்து எடுக்கறது, உரம் போடறது, மருந்து அடிக்கறது, எல்லாம் நம்ம மேற்பார்வைதான். ஆனா எல்லாத்துக்கும் மேல கவாத்து. அதுல என்னை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு மானேஜரே சொல்லியிருக்கார். நாலு பேர் முன்னாடி சொன்னார், தனியாச் சொல்லலை.

நீங்க தேயிலைக் கவாத்துப் பாத்திருக்கீங்களா? பாத்திருக்கணும். தேயிலையைச் சும்மா விட்டா மரமாப் போயிரும். அதனால சில வருஷத்துக்கு ஒருக்கா முழங்கால் உயரத்துக்கு மொத்தமா வெட்டிரணும். சாய்வா, ஒரே வெட்டு. ரெண்டாவது தடவை கத்தி படக் கூடாது. காடு பூரா ஒரே மட்டமா நிக்கணும். போலீஸ்காரங்களை வரிசையில நிறுத்திப் பழக்கறதுக்கும் கவாத்துன்னுதானே சொல்றாங்க? அதே கவாத்துதான் இதுவும். ஒருத்தன் தலை கூடத் தூக்கி நிக்கக் கூடாது. வெட்டி முடிச்சுப் பாத்தா குச்சி குச்சியா, இலையே இல்லாம, செத்துப்போச்சுன்னுதான் நினைப்பீங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாருங்க, பச்சை பிச்சுக்கிட்டு வரும். அப்படி எத்தனை மலையை நான் மொட்டையடிச்சு மறுபடி பச்சையாக்கியிருக்கேன் தெரியுங்களா?

அப்படிப்பட்டவன் வீட்டுல, அம்மணி, கவாத்து பண்றதுக்குப் பக்கத்து வீட்டு ரயில்வேக்காரரைக் கூப்பிட்டா. யாரு? என் சம்சாரம்தான். கேளுங்க இந்தக் கதையை. எப்படியும் நீங்க காத்திருக்கத்தானே வேணும்.

அந்த ரோஜாவை அவ வாங்கினது பூக்காட்சிக்குப் போனப்ப. ரிட்டயராகி, கைக்கு வந்ததைப் போட்டு இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வருஷம். எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்கல்ல. நர்சரிக் கடைக்காரன் கொடி ரோஜான்னு சொல்லி விரல் கனத்துல ஒரு ஒட்டுச்செடியைக் குடுத்தான். "இது எங்க ஏறும்?"னு இவளைக் கேட்டேன். "சுவத்துல"ன்னா. "ஏறி என்ன பண்ணும்?"னேன். பஸ்ஸுல வர்ற வழி பூரா அதை மடியில வெச்சுக்கிட்டு, என் பக்கம் இலை படாம, ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்துட்டு வந்தா.

ஆரம்பத்துல அது நெட்டுக்குத்தா மேல போச்சு. உச்சியில நாலு பூ. கழுத்தை ஒடிச்சு வானத்தைப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. அவ உண்டு, ரோஜா உண்டு. நான் உண்டு, பேப்பர் உண்டு. காலையில நான் பேப்பரை விரிச்சா வந்து நிப்பா. "ஏங்க, புதுத் துளிர் செவப்பா வந்திருக்கு." "ஏங்க, அடியில ஒரு கொழுந்து வருது, அதை விடலாமா எடுக்கலாமா?" இப்படி ஏதாவது சொல்லிட்டே இருப்பா. நானும் "ம்"னு சொல்லிட்டே படிப்பேன். ஒரு நாளாவது "ம்" சொல்லாம இருந்திருப்பனா? இல்லை. சில வீட்டுல புருசன்மாரு அதுகூடச் சொல்றதில்லை.

அப்பத்தான் பக்கத்து வீட்டுக்கு மாசிலாமணி வந்து சேர்ந்தார். சம்சாரம் காலமாயிட்டாங்க, பையன் எங்கயோ வெளிநாட்டுல. தனி ஆள். ஸ்டேஷன்ல ரோஜாத் தோட்டம் போட்டுப் பிரைஸ் வாங்கினவராம். ரயிலுக்குக் கொடி காட்டற வேலையை விட்டுட்டு ரோஜா வளத்திருக்கார், அதுக்குப் பிரைஸ் வேற. நான் தேயிலையை விட்டுட்டுச் சாமந்தி வளத்திருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

வந்த வாரமே இந்தச் சுவத்துக்கு மேல தலை தெரிஞ்சுது. ஆறடி உயரம், சுவத்தைத் தாண்டித் தானா தெரியும். "அம்மா, அதை நேரா ஏத்தாதீங்க. படுக்க வெச்சுக் கட்டுங்க"ங்கறார். கொடியைப் பக்கவாட்டுல சாய்ச்சுக் கட்டினா ஒவ்வொரு கணுவுலயும் மொட்டு விடுமாம். நேரா நிறுத்தினா உச்சியில மட்டும்தான் பூக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏறற செடிக்குக் கொடின்னு பேரு வெச்சுட்டு அதைப் படுக்கப் போடறதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவர் ஸ்டேஷன்ல உயரமான சுவர் இருந்திருக்காது, அதான் படுக்க வெச்சிருக்கார்னு சொன்னேன். இவ காதுலயே வாங்கலை. சணல் கயித்தை வாங்கி, இந்தச் சுவர் பூரா விசிறி மாதிரி விரிச்சுக் கட்டிட்டா.

பூத்துச்சுங்க. அதுதான் வினை. அந்த மே மாசம் இந்தச் சுவர் கண்ணுக்கே தெரியலை. அடியிலருந்து நுனி வரைக்கும் இளம் ரோஸ் கலர்ல கொத்துக் கொத்தா. ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. ஒருத்தன் கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுத்தான். அப்ப ரோஜா வீடுன்னா இந்த வீடுங்க. இது. நீங்க இப்ப உக்காந்திருக்கற வீடு. ஆட்டோக்காரன் அந்தக் காலத்து ஞாபகத்துலதான் இன்னும் இங்க இறக்கிவிடறான்.

சரி, பேரு யாருக்குப் போச்சு? யாரு வந்து கேட்டாலும் இவ, "எல்லாம் பக்கத்து வீட்டு சார் சொல்லிக்குடுத்தது"ம்பா. வீடு நான் கட்டினது. சுவர் நான் எழுப்பினது. தண்ணி வரி நான் கட்டறேன். எரு மூட்டையை ரோட்டுலருந்து நான் தூக்கிட்டு வந்தேன், இடுப்பு ஒரு வாரம் பிடிச்சுக்கிச்சு. பேரு அவருக்கு. பந்தல் நம்மளது, மாலை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கழுத்துல.

அதுகூடப் பரவால்லைங்க. ஒரு நாள் குளிச்சிட்டு இருக்கேன், பின்னாடி சிரிப்புச் சத்தம். யாரோ பொம்பளைப் புள்ளைங்க ரோட்டுல போகுதுன்னு நினைச்சேன். எட்டிப் பாத்தா இவ. இவ குள்ளம், அவருக்குச் சமமாப் பேசறதுக்குப் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல ஏறி நிக்கறா. நின்னு, தலையைப் பின்னாடி சாய்ச்சு, சத்தம் போட்டுச் சிரிக்கறா. கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்கறேன் அம்மணி, அவ சிரிச்சா முந்தானையை வாய்க்குக் குடுத்துக்குவா. அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்கே தெரியாது. வயிறு எரிஞ்சுதுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? ஈரத் துண்டோட நிக்கறேன், குளிரே தெரியலை, அப்படி எரிஞ்சுது.

உள்ள வந்ததும், "என்ன அப்படிச் சிரிப்பு?"ன்னேன்.

"அது ரோஜா விஷயங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது"ன்னா.

எனக்குப் புரியாதாம். செடி விஷயம், எனக்கு.

தப்பா எடுத்துக்காதீங்க. அவளை நான் ஒரு சொட்டு சந்தேகப்படலை. அவ அப்படிப்பட்டவ இல்லை, அவரும் அப்படிப்பட்டவர் இல்லை, எங்க வயசுக்கு அது கேவலம். எனக்கு ஆத்திரம் எதுலன்னா, ஒரு விஷயத்துலயாவது அவ என்கிட்ட வந்து "இது எப்படிங்க?"ன்னு கேட்டிருக்கலாம்ல? ஒரே ஒரு விஷயம். வாழ்நாள் பூரா செடிகூட இருந்தவன் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கேன், இவ பக்கெட்டு மேல ஏறிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கறா.

அடுத்து வந்த மாசிக் கடைசியில அவ தங்கச்சி பேத்திக்கு உடுமலையில காதுகுத்து. எனக்கு மலை இறங்கற வளைவுல தலை சுத்தும், நான் போகலை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கிட்டே சொல்றா. "பனி விட்டுருச்சாம். நாளைக்கு மாசிலாமணி சார் வந்து நம்ம ரோஜாவுக்குக் கவாத்து பண்ணிக் குடுக்கறேன்னிருக்கார். வந்தா கேட்டைத் திறந்துவிட்டு, ஒரு காப்பி குடுங்க."

கவாத்து. அந்த வார்த்தையைச் சொல்றா, என் முகத்தைப் பாத்துச் சொல்றா, அதையும் கேட்டைத் திறந்துவிடற வாட்ச்மேன்கிட்டச் சொல்ற மாதிரிச் சொல்றா. கொல்லன் தெருவுல ஊசி விக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது கொல்லன் வீட்டு அடுப்படிக்கே வந்து விக்கறது. "பத்திரமாப் போயிட்டு வா"ன்னேன்.

ரிட்டயரானப்போ கவாத்து ஆளுங்க எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு கத்தி குடுத்தாங்க. நல்ல எஃகு, வளைஞ்ச மூக்கு. அதைத் துணி சுத்திப் பீரோவுல வெச்சிருந்தேன். நானே கையில பிடிச்சு வெட்டினதில்லைங்கறது வேற விஷயம். கண்டக்டர் வெட்டமாட்டான், வெட்ட வைப்பான். ஆனா ஒரு வெட்டு எப்படி விழணும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். கத்தியைத் தீட்டினேன். மறுநாள் அந்த மனுசன் மப்ளரைக் கட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நான் இறங்கிட்டேன்.

முதல்ல சணல் கயித்தை எல்லாம் அறுத்தேன். கொடி எல்லாம் சரிஞ்சு வந்து தோள் மேல விழுந்துச்சு. முள்ளு, அதை ஏன் கேக்கறீங்க. அப்புறம் முழங்கால் உயரம் அளந்து, சரி, பழைய செடி, இன்னும் கொஞ்சம் இறக்கினாத்தான் நல்லாத் துளிர்க்கும்னு முட்டிக்குக் கீழ, அதுக்கும் கீழ, சாய்வா, ஒரே வெட்டு. எல்லாக் கொடியும். ஒரே மட்டம். வெட்டு வாயில பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசினேன். எஸ்டேட்ல எப்படியோ அப்படியே. நீலநீலமா, வரிசையா, பாக்கவே கண்ணுக்கு நிறைவா இருந்துச்சு.

அப்பத்தான் மாசிலாமணி வந்தார். கையில தையக்காரன் கத்தரி மாதிரி ஒரு சின்னக் கட்டர். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டார். உள்ள வரலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னார். நான், "எப்படி சார் வெட்டு?"ன்னேன்.

"வெட்டு சுத்தமா இருக்குதுங்க சார்"னார்.

பாத்தீங்களா! அவரே ஒத்துக்கிட்டார். இதை நான் இவகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

அவர் என்ன பண்ணலாம்னு வந்தாராம்? கேளுங்க. கொடி ரோஜாவுல பெரிய கொடியைத் தொடவே கூடாதாம். அது ஜன்னல் சட்டம் மாதிரி நிக்கணுமாம். போன தடவை பூத்த பக்கக்கிளை இருக்கு பாருங்க, அதை மட்டும் ரெண்டு மூணு கணு விட்டுக் கத்தரிக்கணுமாம். காஞ்சது, நோஞ்சான், ஒண்ணோடொண்ணு உரசறது, இதுகளை எடுக்கணுமாம். ரொம்பக் கிழட்டுக் கொடின்னா வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணை அடியோட எடுக்கலாமாம், அதுவும் பதிலுக்கு ஒரு இளசு தயாரா இருந்தா. எல்லாம் பனி விட்டப்புறம். வருஷத்துக்கு ஒரே தடவை பூக்கற ஜாதின்னா பூத்து முடிஞ்ச கையோட வெட்டணுமாம், முன்னாடி கை வெச்சா அந்த வருஷப் பூ போச்சாம். வெச்ச புதுசுல ரெண்டு மூணு வருஷம் காஞ்சதைத் தவிர எதையும் வெட்டவே கூடாதாம். இத்தனை சட்டதிட்டம் ரயில்வேயில இருக்கும், தேயிலையில இல்லை. நான் கேக்கறேன், பெரிய கொடியைத் தொடலைன்னா அதுக்குப் பேரு கவாத்தா? அது நகம் வெட்டறது. நகம் வெட்ட வர்றேன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குக் கேட்டைத் திறந்துவிட்டிருப்பேன். கவாத்துன்னு சொல்லிட்டாங்க, நான் கவாத்துப் பண்ணிட்டேன். தப்பு யாரு மேல?

அவ திரும்பி வந்தது சாயங்காலம். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, காதுகுத்து வீட்டுப் பலகாரம் ஒரு கையில, கேட்டுக்கு உள்ள வந்தவ நின்னுட்டா. நான் படியில நின்னுக்கிட்டிருக்கேன், என்ன சொல்லப் போறான்னு. சண்டை போடுவான்னு பாத்தேன். பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவ சண்டையும் போடலை, அழவும் இல்லை.

"வெட்டினதெல்லாம் எங்க?"ன்னா.

"பின்னாடி குவிச்சிருக்கேன். காஞ்சதும் எரிச்சரலாம்."

பலகாரத்தை என் கையில குடுத்துட்டு, கட்டின சேலையோட பின்னாடி போனா. இருட்டற வரைக்கும் அந்தக் குவியல்ல உக்காந்து பென்சில் கனத்துக் குச்சியா, கணு பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தா. நான் போய், "முள்ளு குத்தும், விடு. துளிர்த்து வரும் பாரு. ரெண்டு மாசம் பொறு"ன்னேன். "சரிங்க"ன்னா. அவ்வளவுதான். குச்சி எல்லாத்தையும் ஈரச் சாக்குல சுத்திப் பக்கெட்டு மேல ஏறிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் குடுத்துட்டா.

"அங்க எதுக்கு? இங்கயே நட்டு வைக்கலாமே"ன்னேன்.

"இங்க வெச்சா நீங்க மறுபடி கவாத்துப் பண்ணிருவீங்க"ன்னா. கோபமாச் சொல்லலைங்க. பால் பொங்கிரும் பாத்துக்கங்கன்னு சொல்ற மாதிரிச் சொன்னா.

அதோ, அந்தச் சுவரோரம் நிக்குது பாருங்க, அதுதான் நம்மளது. துளிர்த்துச்சா இல்லையா? நான் சொன்னேன்ல. இப்ப என்னை விட உயரம். தண்டைப் பாருங்க, என்ன பலம்! பூ மட்டும் இன்னும் வரலை. வரும். மாசிலாமணி அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்கார். நான் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழ வெட்டிட்டேனாம், நல்ல ரோஜா அதோட போயிருச்சாம், இது அடியில இருந்த காட்டுச் செடி கிளம்பி வர்றதாம். ஒரு காம்புல ஏழு இலை இருக்குதாம், அவர் ரோஜாவுல அஞ்சுதானாம். ஏழு பெருசா, அஞ்சு பெருசா? நீங்களே சொல்லுங்க. பொறாமைங்க. வேற என்ன? நம்ம செடி இத்தனை வேகமா வளர்றது அவருக்குப் பொறுக்கலை.

அந்தப் பக்கம் அவ நட்ட குச்சியில ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. அதுதான் இப்ப நீங்க பாக்க வந்திருக்கற ரோஜா. அவர் வீட்டுச் சுவர் பூரா ஏறி, கூரை ஓட்டைத் தொட்டுருச்சு. பேரும் அதுகூடவே அங்க குடிபோயிருச்சு. தினமும் காலையில காப்பியை வெச்சுக் குடுத்துட்டு அங்க போயிருவா. நான் அந்த வாசலை மிதிக்கறதில்லை. கூப்பிட்டா போகலாம். யாரும் கூப்பிடலை.

சமையல் எல்லாம் ஒரு குறையும் இல்லைங்க. மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சித் தர்றா. கேட்டதுக்குப் பதில் சொல்றா. ஆனா காலையில பேப்பரை விரிச்சா இப்பத் தடங்கலே இல்லை. முழுசாப் படிச்சு முடிச்சர்றேன். வரி விளம்பரம் வரைக்கும் படிக்கறேன். மணமகள் தேவை, டிராக்டர் விற்பனைக்கு, எல்லாம். படிச்சு முடிச்சு மடிச்சு வெச்சாலும் வெயில் இன்னும் இந்தப் படிக்கு வந்திருக்காது. நானா ஒரு நாள் கேட்டேன், "அங்க ரோஜா எப்படி இருக்கு?"ன்னு. "நல்லா இருக்குங்க"ன்னா. முன்னாடியெல்லாம் ஒரு துளிருக்கு அரை மணி நேரம் பேசுவா.

அந்தப் பேச்செல்லாம் இப்ப அவருக்குப் போகுது. அதை நினைச்சாத்தான், அம்மணி. பூ போகட்டும், பேரு போகட்டும்.

என்னங்க? சொல்லுங்க. மாசிலாமணியைப் பாக்க வரலையா? பின்ன யாரை?

யாரு, லோகநாயகியம்மாவா?

இருங்க, இருங்க. லோகநாயகிங்கறது எங்க வீட்டுக்காரி பேருங்க. என் சம்சாரம். இவ்வளவு நேரம் நான் சொல்லிட்டிருக்கறவதான். உங்களுக்கு யார் சொன்னா? கூடலூர்லயா? கூடலூர்ல என்ன சொல்றாங்க? கொடி ரோஜான்னா குன்னூர் லோகநாயகியம்மாகிட்டப் போய்க் கத்துக்கன்னா? அவளைப் பாக்க பஸ் ஏறி வர்றீங்களா?

மாசிலாமணி சாரே சொன்னாரா? போன்லயா? "எனக்கு வாயால சொல்லத்தான் தெரியும், கை தோளுக்கு மேல தூக்காது, வந்தீங்கன்னா அந்தம்மா செய்யறதைப் பாத்துக் கத்துக்கங்க"ன்னாரா? தோளுக்கு மேல தூக்காதா? எப்பருந்து? அன்னிக்குக் கட்டரோட வந்தாரே. பக்கக்கிளையைக் கத்தரிக்கத்தானே வந்தார், அது தோள் உயரத்துக்குள்ளதான், ஆமா. அப்ப அந்தக் கூரை வரைக்கும் யாரு ஏத்திக் கட்டறது?

கூடலூர் வரைக்கும் பேரு போயிருக்கு, வீட்டுல இருக்கறவனுக்குத் தெரியலை பாருங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடலூர்ல முன்னப்பின்ன பாக்காத ஆளுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. இப்ப யார் மேல பொறாமைப்படறதுன்னே எனக்கு விளங்கலை. எல்லார் மேலயும்தான் படணும் போல.

அதோ, தலை தெரியுது பாருங்க சுவத்துக்கு மேல. அவதான். கூப்பிடட்டுங்களா? அந்தப் பக்கமும் ஒரு பக்கெட்டு வெச்சிருக்கா போல.

பக்கெட்டு இல்லையே. இடுப்பு வரைக்கும் தெரியுது. இன்னும் மேல போறாளே. எதுல ஏறறா? எனக்கு இந்தத் தூரத்துக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நீங்க எந்திரிச்சுப் பாருங்க. மூங்கில் ஏணியா? கீழ யாராவது பிடிச்சிருக்காங்களா, நல்லாப் பாருங்க. அவரு? நாற்காலியில உக்காந்திருக்காரா? அப்ப ஏணிக்கு? யாருமே இல்லையா?

அட, என்ன பொழப்பு இது. என் காட்டுல நிழல் மரத்துக் கிளை கழிக்க ஒரு ஆளை ஏணியில ஏத்தினா, அடியில ரெண்டு ஆள் நிக்காம ஒரு படி ஏறவிட்டதில்லை. மழை பேஞ்சு நனைஞ்ச மண்ணு, ஏணிக்கால் ஒரு பக்கம் இறங்கினாப் போதும். இத்தனை நாளும் இப்படித்தான் ஏறிட்டிருக்காளா? நான் இங்க உக்காந்து டிராக்டர் விளம்பரம் படிச்சிட்டிருந்தேனா?

லோகா! லோகா! அப்படியே நில்லு! அசையாதே!

காப்பியை அங்கயே வெச்சுட்டு வாங்க அம்மணி. வாங்க. இந்தச் செருப்பு வேற. இருக்கட்டும், செருப்பு வேண்டாம். இந்தக் கேட்டுக் கொக்கி எந்தப் பக்கம்? நான் வந்ததில்லை, நீங்க கையை விட்டுத் திறங்க.

வணக்கம் சார். ஆமாங்க, நான்தான். எந்திரிக்காதீங்க, இருங்க இருங்க.

இந்தா, பிடிச்சுக்கிட்டேன். யாரா? நான்தான். உன் வீட்டுக்காரன்தான். கத்தியா? கத்தி எடுத்துட்டு வரலை, வெறுங்கைதான், வேணும்னா பாரு. எதையும் தொடமாட்டேன், ஏணியை மட்டும்தான் தொட்டிருக்கேன். மேல பாக்கக் கூடாதா? கண்ணுல முள்ளு விழுமா? சரி, பாக்கலை. குனிஞ்சுக்கிட்டேன். நீ கட்டு.

லோகா, கூடலூர்லருந்து ஒரு அம்மணி வந்திருக்காங்க. உன்னைத்தான் பாக்கணுமாம். எப்ப வெட்டறது, எதை வெட்டறது, எதை விடறதுன்னு கேக்கணுமாம். என்னைக் கேக்கலை, அவரையும் கேக்கலை, உன்னைத்தான். கேளுங்க அம்மணி, சத்தமாக் கேளுங்க. எனக்கும் காது கேக்கணும்ல.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இல்லைங்க, இந்தப் பக்கம். நீங்க நிக்கறது அவருக்கு மறைக்குது. ஏணியைப் பிடிச்சிருக்கறது யாருன்னு அந்த மனுசன் நல்லாப் பாக்கட்டும்.